ஒட்டியும் ஒட்டாமலும்

ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த மறு ஆண்டாகிய 1800-இல், வெல்லெஸ்லி பிரபுவின் கட்டளையை ஏற்றுச் சென்னையிலிருந்து புறப்பட்டு, மைசூர் ராஜ்யத்தின் பயிர்பச்சை, கைத்தொழில், வரி, ஜாதியாசாரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் விடாமல் குறித்துக்கொண்டே சென்ற பிரான்சிஸ் புக்கானன் என்ற வைத்தியர், எஃகு காய்ச்சும் உலைக்களங்களின் பக்கத்திலும் நின்று பார்த்திருக்கிறார். கூம்பு வடிவமாகப் பிடித்த மண் மூசையில் தேனிரும்புத் துண்டையும் ஆவாரங் குச்சியையும் பச்சை இலைகளையும் இட்டு, வாயைக் களிமண்ணால் மூடி, அத்தகைய மூசைகளைக் கரியுலையில் அடுக்கித் துருத்தியால் ஊதினால், குச்சியிலும் இலையிலும் உள்ள கரி இரும்பில் ஏறி, அது உருகி எஃகாகிறது என்பதே அந்தத் தொழிலின் சாரம். இன்று மரப்பொம்மைக்குப் பேர்போன சன்னபட்டணத்தில், அந்நாளில் எஃகைக் கம்பியாக இழுத்து இசைக்கருவிகளுக்கு நரம்பு செய்தார்கள் என்றும், அந்த நரம்புக்கு இந்தியாவின் தொலைவான பகுதிகளிலும் கிராக்கி இருந்தது என்றும் அவர் எழுதிவைத்திருக்கிறார்.

தென்னாட்டு எஃகின் பெருமையைப் பேசியவர்கள் பலர். மைக்கேல் பாரடேகூடத் தம் இளமையில் அதை ஆராய்ந்திருக்கிறார். எனக்கோ அந்த எஃகைக் காட்டிலும் அதைச் சுமந்த மூசையின்மேல்தான் வியப்பு. பழைய உலைக்களங்களில் சிதறிக் கிடக்கும் மூசைத் துண்டுகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், களிமண்ணோடு தாராளமாக நெல் உமியைச் சேர்த்துப் பிசைந்திருக்கிறார்கள் என்பதைக் கண்டிருக்கிறார்கள். நெருப்பில் உமி கருகி, மணற்சத்தாகிய சிலிகாவும் கரியும் கொண்ட ஒரு கூட்டை மண்ணுக்குள் விட்டுப்போகிறது. 1,200 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்திலும் மூசை தளர்ந்து சாயாமல் நின்றதற்கு அந்தக் கூடு பெருந்துணை புரிந்தது. ஆனால் இந்தக் காரியம் முழுவதும் ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: உருகிய உலோகம் மண்ணைப் பற்றிக்கொள்ளக் கூடாது. பற்றிக்கொண்டால் மூசையை உடைக்கும்போது எஃகுக்கட்டி தனியாக வெளிவராது. உலோகமும் சுட்ட மண்ணும் இயல்பாகவே ஒன்றை ஒன்று விரும்பாதவை என்பது பழைய கொல்லருக்கு ஓர் அனுகூலம்.

அவருக்கு அனுகூலமாக இருந்த அதே குணம் இன்றைய உலோக சாஸ்திரிக்குப் பெரிய விரோதியாக வந்து நிற்கிறது. ஏனெனில் இவர் செய்ய விரும்புவது நேர்மாறான காரியம்: பீங்கான் இனத்தைச் சேர்ந்த மிக நுண்ணிய இழைகளை உலோகத்துக்குள் புதைத்து, இரண்டையும் பிரியாமல் சேர்த்து, ஒன்றின் வலிமையையும் மற்றொன்றின் வளைந்துகொடுக்கும் தன்மையையும் ஒரே பொருளில் பெறவேண்டும். இப்படிப்பட்டவற்றைக் கூட்டுப்பொருள்கள் என்கிறோம். இரண்டையும் உருக்கி ஒன்றாக்கும் கலப்புலோகம் வேறு. இங்கே இழை இழையாகவும் உலோகம் உலோகமாகவும் தனித்தனியே இருக்க, இரண்டும் தொட்டுக்கொள்ளும் எல்லையாகிய இடைமுகத்தில்தான் எல்லா நன்மையும் தீமையும் நிகழ்கின்றன.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்பவர்கள் மோட்டார் இயந்திரத்தின் பிஸ்டனை நினைத்துக்கொள்ளலாம். மைசூரின் யாதவகிரிப் பகுதியில் 1960களின் தொடக்கத்திலிருந்து 1996 வரை நடந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் ஜாவா, யெஸ்டி வண்டிகளை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எந்த மோட்டார் இயந்திரத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் பிஸ்டன் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத்தால் வார்த்ததாகவே இருக்கும். கனம் குறைவு, வெப்பத்தை விரைவில் கடத்தும், வார்ப்பதும் சுலபம். குறை ஒன்றுண்டு: 660 டிகிரியில் உருகும் அந்த உலோகம் 300 டிகிரிக்குள்ளாகவே தன் வீரியத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. டீசல் இயந்திரத்தில் இந்தத் துன்பம் அதிகம். எரியும் வாயுவுக்கு மிக அருகில் இருக்கும் முதல் வளையத்தின் பள்ளம் தேய்ந்துபோகும் என்பதற்காக, அந்த இடத்தில் மட்டும் வார்ப்பிரும்பு வளையம் ஒன்றைப் பதித்து வைப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தார் அந்த இரும்பை எடுத்துவிட்டு, பீங்கான் இழைகளைச் சேர்த்து வளையம் போல அமைத்து, அதனுள் அலுமினியத்தை அழுத்தி ஏற்றினார்கள். கனம் குறைந்தது, பள்ளமும் தேயாமல் நின்றது. சில ஆண்டுகளில் ஹோண்டா நிறுவனம் சிலிண்டரின் உட்சுவரையே அலுமினா இழையும் கரியிழையும் கலந்து அமைத்தது.

அலுமினா என்பது வேறொன்றும் இல்லை, அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்த பொருள். மாணிக்கக் கல்லும் நீலக் கல்லும் அதன் பளிங்கு வடிவங்களே. அதை 3 மைக்ரான் அளவுக்கு, அதாவது தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாக, பஞ்சு போன்ற இழைகளாகச் செய்கிறார்கள். பீங்கானைக் கட்டியாகப் பார்க்கும்போது தட்டினால் உடையும் பொருளாகத் தெரிவதற்குக் காரணம், அதற்குள் எங்கேனும் ஒரு கீறல் ஒளிந்திருப்பதுதான். மூன்று மைக்ரான் இழைக்குள் பெரிய கீறலுக்கு இடமே கிடையாது. ஆகவே அதே பொருள் இழை வடிவில் எஃகுக் கம்பியோடு போட்டியிடும் இழுவலிமையைக் காட்டுகிறது. 2,000 டிகிரி வரையில் உருகுவதும் இல்லை.

அப்படியிருக்க, உருகிய அலுமினியத்தில் இழைகளைப் போட்டுக் கிளறிவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். செய்துபார்த்தவர்களுக்கு விடை தெரியும்: இழைகள் உலோகத்தின்மேல் அழுக்கைப் போல மிதக்கும், அல்லது ஓரத்தில் ஒதுங்கி முடிச்சுமுடிச்சாகத் திரளும். தாமரை இலைமேல் தண்ணீர் நிற்பது போலத்தான் அலுமினியத் துளி அலுமினாவின்மேல் உருண்டு திரண்டு நிற்கிறது. துளியின் ஓரம் தரையோடு செய்யும் கோணம் 90 பாகைக்குக் குறைந்தால் திரவம் அந்தத் தரையை நனைக்கிறது என்றும், அதிகமானால் நனைக்கவில்லை என்றும் சாஸ்திரம் கணக்கிடுகிறது. அலுமினியமோ சுமார் 900 டிகிரிக்கு உஷ்ணம் ஏறும் வரையில் அலுமினாவை நனைக்க இணங்குவதில்லை. அதற்கு ஒரு காரணம், அலுமினியத்தின் மேற்பரப்பில் காற்று பட்ட மாத்திரத்தில் படிந்துவிடும் ஆக்ஸைடு ஆடை. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆடை கிழிந்தாலன்றி உலோகம் இழையை நேராகத் தொடவே முடியாது.

கொல்லன் மகிழ்ந்த இந்த வெறுப்பை வெல்ல மூன்று வழிகளைக் கண்டிருக்கிறார்கள். முதலாவது, உலோகத்தில் சிறிதளவு மக்னீசியத்தைச் சேர்ப்பது. பிராணவாயுவின்மேல் அலுமினியத்தைக் காட்டிலும் அதிக ஆசை கொண்ட மக்னீசியம், ஆடையைக் குலைத்து, இழையின் மேற்பரப்போடு மெல்லிய ரசாயன உறவு ஒன்றையும் ஏற்படுத்துகிறது. இரண்டாவது, இழைகளுக்கு முன்கூட்டியே நிக்கல் அல்லது செம்புப் பூச்சு கொடுப்பது. உலோகம் உலோகத்தை நனைக்கத் தயங்காது. மூன்றாவது வழி சாம, தான, பேதம் எல்லாவற்றையும் விட்டுத் தண்டத்தையே நாடுவது: இழைகளைத் துளைகள் நிறைந்த அப்பமாக்கி அச்சில் வைத்து, அதன்மேல் உருகிய உலோகத்தை ஊற்றி, காற்று மண்டல அழுத்தத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தத்தால் உள்ளே தள்ளுவது. டொயோட்டாவின் பிஸ்டன் இம்மாதிரித் தண்டோபாயத்தால் பிறந்ததுதான்.

உறவு ஏற்பட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்தவர்கள் அடுத்தபடியாக ஒரு விபரீதத்தைக் கண்டார்கள். சிலிக்கன் கார்பைடு என்பது அலுமினாவினும் கடினமான பீங்கான் இனம்; அதன் இழையைச் சூடான அலுமினியத்தில் அதிக நேரம் வைத்திருந்தால், அலுமினியம் அதிலுள்ள கரியைத் தன்பால் இழுத்துக்கொண்டு அலுமினியம் கார்பைடு என்ற புதுப் பொருளாகிறது. பற்று உண்டாகிறது, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பொருள் நொறுங்கும் இயல்புடையது, இழையின் தோலையும் அரித்துக் குழியாக்குகிறது. போதாக்குறைக்கு அது ஈரத்துக்கு ஆகாது: தண்ணீர் பட்டால் மீத்தேன் வாயுவை விட்டுக் கரைந்துபோகும். பரிசோதனைச் சாலையில் திடமாக நின்ற மாதிரித் துண்டு, ஈரக்காற்றில் சில காலம் இருந்தபின் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போவது இதனால்தான். அலுமினியத்தில் 100-க்கு 9 அல்லது 10 பங்கு சிலிக்கனை முன்னதாகவே கலந்துவிட்டால் இந்த ரசாயன மாற்றம் பெரிதும் தடைப்படும் என்பது பரிகாரம். இழை உலோகத்தில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது இன்னொரு பரிகாரம். அலுமினாவுக்கும் சுத்த அலுமினியத்துக்கும் இடையே இந்த வம்பு கிடையாது. நனைவது அரிது, நனைந்தபின் ஒன்றை ஒன்று தின்பதில்லை.

பற்று எவ்வளவு இருந்தால் போதும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. கூட்டுப்பொருளை இழுக்கும்போது பாரம் நேராக இழையில் ஏறுவதில்லை. உலோகம் இழையின் பக்கங்களைப் பற்றி இழுப்பதால்தான் முனையிலிருந்து சிறிது சிறிதாக அது இழைக்கு மாறுகிறது. ஆகவே இழைக்கு ஒரு குறைந்தபட்ச நீளம் வேண்டும். 2,000 மெகாபாஸ்கல் வலிமையும் 3 மைக்ரான் பருமனும் உள்ள இழைக்கு, இடைமுகத்தின் பிடிப்பு 50 மெகாபாஸ்கலாக இருந்தால், அந்த நீளம் 60 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. பிடிப்பு ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால் நீளம் ஐந்து மடங்காக வேண்டியிருக்கும். அதற்கும் குட்டையான இழைகள் உடைவதற்கு முன்பே உருவிக்கொண்டு வந்துவிடும், அவற்றின் வலிமை நமக்குப் பயன்படாமலே போகும். பிடிப்பின் ஒரு பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. வார்த்தபின் 500 டிகிரி உஷ்ணம் தணியும்போது ஒரு மீட்டர் அலுமினியம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் சுருங்குகிறது. அலுமினா 4 மில்லிமீட்டர்தான் சுருங்குகிறது. அதிகம் சுருங்கும் உலோகம் குறைவாகச் சுருங்கும் இழையை எல்லாப் பக்கத்திலும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் பிடிப்பு எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கவ்வளவு நன்மை என்றே முடிவு கட்டுவோம். அந்த முடிவைக் கலைத்தவர்கள் குக், கார்டன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். 1964-இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியின் கருத்து இது: ஒரு பொருளுக்குள் ஓடிவரும் வெடிப்பு, தன் முனைக்கு முன்னால் செங்குத்தாக மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் பொருளை இழுக்கிறது, வழியில் ஓரளவு பலவீனமான ஓர் எல்லை இருந்தால், வெடிப்பு அங்கே வந்து சேருமுன்பே அந்த எல்லை சிறிது திறந்து, கூர்மையான வெடிப்பின் முனையை மழுங்கச் செய்துவிடுகிறது. எல்லையின் பற்று, பொருளின் உள்வலிமையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் இது நடக்கும். இழையும் உலோகமும் பிரிக்கவே முடியாதபடி ஒட்டியிருந்தாலோ வெடிப்பு உலோகத்திலிருந்து இழைக்குள், இழையிலிருந்து உலோகத்துக்குள் என்று தடையின்றிப் பாய்ந்து, பொருள் முழுவதையும் ஒரே வீச்சில் அறுத்துவிடும். உடைந்த முகத்தை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கதை தெரியும்: நல்ல கூட்டுப்பொருளின் முகத்தில் இழைகள் சிறிதளவு உருவப்பட்டு முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும், மிகையாக ஒட்டியதன் முகம் கண்ணாடித் துண்டைப் போல மழமழவென்று இருக்கும்.

எந்த அளவில் நிற்பது என்பது உலோகத்தைப் பொறுத்தது. அலுமினியம் தானே இளகி வெடிப்பை மழுக்கும் குணமுடையதாகையால் அங்கே பற்று சற்றுப் பலமாகவே இருக்கலாம். விமானத்துக்குரிய டைட்டானியத்தில் அது ஆகாது. சூட்டில் எதையும் தாக்கும் பேராசை கொண்ட அந்த உலோகத்துக்குள் சிலிக்கன் கார்பைடு இழையை வைக்கும்போது, இழைக்குச் சுமார் 3 மைக்ரான் கனத்தில் கரிப் பூச்சு ஒன்றைக் கொடுத்து, தாக்குதலை அந்தப் பூச்சே ஏற்றுக்கொள்ளவும், வேண்டும்போது அங்கேயே வழுக்கவும் விடுகிறார்கள். பலவீனத்தை வேண்டுமென்றே விலைகொடுத்து வாங்கும் சாமர்த்தியம் இது.

இழைகள் எங்கிருந்து வருகின்றன என்ற விஷயத்தில் நெல்லுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை இங்கே சொல்லவேண்டும். 1970களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஐவன் கட்லர் என்பவர், நெல் உமியைக் காற்றுப் படாமல் கருக்கி, அதன்பின் மிகுந்த உஷ்ணத்தில் வாட்டினால், உமியிலுள்ள சிலிகாவும் கரியும் கூடிச் சிலிக்கன் கார்பைடாகின்றன என்றும், அதில் ஒரு பகுதி மைக்ரானுக்கும் குறைந்த பருமனுள்ள ஊசிகளாக வளர்கிறது என்றும் காட்டினார். மணலையும் கரியையும் இவ்வளவு நெருக்கமாக மனிதன் கலப்பது எளிதல்ல. நெற்பயிர் அதைத் தானே கலந்து வைத்திருக்கிறது. அந்த ஊசிகளைக் கொண்டு அலுமினியத்தை வலுப்படுத்தும் தொழிலும் அமெரிக்காவில் எழுந்தது. மைசூர் மூசைக்குள் உமியைப் பிசைந்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள் என்று சொல்வது வீண் பெருமை. அவர்கள் அறிந்தது மூசை நிற்கிறது என்பதை மட்டும். ஆனால் ஊசிகளில் ஓர் ஆபத்தும் உண்டு. மூச்சோடு நுரையீரலில் புகுந்தால் அவை கல்நார் செய்யும் கேட்டைச் செய்யக்கூடியவை என்று தெரியவந்ததால், அவற்றைக் கையாளும் ஆவல் குறைந்துபோயிற்று.

நம் நாட்டில் இந்தத் துறை வளர்ந்த விதம் தனி. மைசூர் அரசர் அளித்த 371 ஏக்கர் நிலத்தில் 1909-இல் தொடங்கிய பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு, 1970களில் பிரதீப் ரோஹத்கி என்ற உலோக விஞ்ஞானி அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தார். நிக்கல் பூசிய கிராபைட்டுத் துகள்களை அலுமினியத்தில் கலந்து வார்க்கும் வித்தையை அங்கேயே பழகியிருந்தவர் அவர். அவரோடு பணியாற்றியவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகத் தமிழருக்குப் பரிச்சயமான எம். கே. சூரப்பா. நீண்ட பீங்கான் இழைகள் பொன் விலை விற்ற அக்காலத்தில் இவர்கள் துகள்களின் பக்கம் திரும்பினார்கள்: அலுமினா, சிலிக்கன் கார்பைடு, கடற்கரை மணலில் கிடைக்கும் ஜிர்கான், ஏன், 1982-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் தேங்காய்ச் சிரட்டைக் கரியைக்கூட அலுமினியத்தில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். உலோகத்தைச் சுழிக்கும்படி கிளறி, அந்தச் சுழிக்குள் முன்கூட்டிச் சூடேற்றிய துகளைத் தூவி, உடனே வார்த்துவிடும் முறை இது. மூலையிலுள்ள சிறு வார்ப்படச் சாலையிலும் செய்யலாம். அதனால்தான் மைசூர், கோயம்புத்தூர், திருச்சி போன்ற ஊர்களின் பொறியியல் கல்லூரிகளில் உமிச்சாம்பலையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் அலுமினியத்தில் கலக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களுடைய ஆய்வேடுகளில் கடினத்தன்மை இவ்வளவு உயர்ந்தது என்ற அட்டவணை தவறாமல் இருக்கும். துகளும் உலோகமும் சந்திக்கும் இடத்தில் என்ன நடந்தது என்ற பக்கம் பலவற்றில் காணப்படாதது என் மனக்குறை. துகள் இழைக்கு ஈடல்ல என்பதும் உண்மைதான்: தேய்வைத் தடுக்கும், விறைப்பைத் தரும், ஆனால் பாரத்தைத் தாங்கும் பெருவலிமை நீண்ட இழைக்கே உரியது.

அந்த நீண்ட இழைக்கு இதுவரை கிடைத்த உத்தியோகங்களில் நம் அன்றாட வாழ்வுக்கு மிக அருகில் உள்ளது மின்சாரக் கம்பி. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் மின்சாரத்தைக் கொண்டுசென்ற மைசூர் சமஸ்தானம், அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தடங்களில் ஒன்றை அமைத்துப் புகழ் பெற்றது. இக்காலத்துப் பெருந்தடங்களில் அலுமினியக் கம்பிகளுக்கு நடுவே பாரம் தாங்க எஃகுக் கம்பியைக் கோத்திருப்பார்கள். மின்னோட்டம் அதிகமானால் கம்பி சூடேறி நீண்டு, தாழத் தொங்கி, மரத்தையோ மனிதரையோ நெருங்கிவிடும். அமெரிக்காவின் 3எம் நிறுவனம் அந்த எஃகின் இடத்தில், சுத்த அலுமினியத்துக்குள் ஆயிரக்கணக்கான அலுமினா இழைகளை நீளவாக்கில் பதித்த கம்பியை வைத்து, 2000களின் நடுவில் மின்தடங்களில் ஏற்றியது. நனைய மறுக்கும் இழைகளை நனைப்பதற்கு அவர்கள் கையாண்ட உபாயம், உருகிய உலோகத்தில் காதுக்குக் கேளாத ஒலியலைகளைச் செலுத்தி அதன் ஆக்ஸைடு ஆடையை உடைப்பது. அலுமினாவும் சுத்த அலுமினியமும் ஒன்றை ஒன்று அரிப்பதில்லையாதலால், 210 டிகிரி உஷ்ணத்தில் இடைவிடாது உழைத்தாலும் இடைமுகம் கெடுவதில்லை. எஃகு நடுக்கம்பி கோத்த அதே பருமனுள்ள மின்கம்பியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னோட்டத்தை அது தாங்குகிறது. விலையோ பல மடங்கு. ஆகவே புதிய கோபுரம் நடுவதற்கு நிலம் கிடைக்காத நகர்ப்புறங்களிலும், அகலமான ஆறுகளைத் தாண்டும் இடங்களிலும், பழைய கோபுரங்களின் மேலேயே அதிக மின்சாரத்தைக் கொண்டுபோக வேண்டிய நெருக்கடி உள்ள தடங்களிலும் மட்டுமே பொறியாளர்கள் இதை விலைகொடுத்து வாங்குகிறார்கள். மற்ற இடங்களில் எஃகே போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.